சந்தனம் பூசிய தெர்மோஸ்டாற்

பிள்ளையாரை வேண்டிக்கொண்டு எத்தனையோ முறை கொப்பியைத் திறந்தேன், எழுதாமலே மூடிவைத்தேன். வருடங்கள் போய்விட்டன. எட்டாம் வகுப்போடு நின்றவன் நான், பிழையிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பழைய தெர்மோஸ்டாற் சேர்ப்பது என் பழக்கம். சூடு கூடினால் மின்சாரத்தை நிறுத்தி, குறைந்தால் திரும்பக் கொடுக்கும் சிறு கருவி அது. யாழ்ப்பாணத்துப் பழைய இரும்புக் கடைகளில், உடைந்த அயன்பெட்டிகளைக் கிளறி எடுப்பேன். ஆதியில் குளிர் நாடொன்றில் பள்ளிக்கூடத்துக்கென வந்த இப்படியான மின்சாரக் கருவி தானாக எதையும் செய்யாதாம். வகுப்பறை குளிர்ந்தால் கீழே அடுப்புக்காரனுக்கு மணி அடிக்குமாம். வாசித்த கையோடு மனைவியிடம் ஓடிப்போய்ச் சொன்னேன்.

"வேர்த்து ஒழுகிற ஊரிலை உதுகளைச் சேர்க்க உங்களை விட்டா ஆளில்லை," என்றாள்.

என் தங்கை சண்டிலிப்பாயில் இருந்தாள். கணவனை இழந்தவள். கோழி முட்டைகளைச் சூட்டில் வைத்துக் குஞ்சு பொரிக்கும் மின்சாரப் பெட்டி ஒன்றுதான் அவள் பிழைப்பு. அதன் தெர்மோஸ்டாற் பழுதானதும் வந்தாள்.

"அண்ணை, உங்கடை கிழடுகளிலை ஒண்டு தாருங்கோவன்."

இருந்ததில் மிகப் பழையதைப் பூட்டிக் கொடுத்தேன். சூடேறினால் அதன் தகடு வளையும், மின்சாரம் நிற்கும். இரண்டு முறை நன்றாகக் குஞ்சு பொரித்தது.

ஆயுத பூசைக்கு அவள் வீட்டுக்குப் போனபோது முட்டை வைத்துப் பதினெட்டு நாள். உழைக்கிற சாமானுக்குப் பொட்டு வைக்காமல் விட மனம் கேட்கவில்லை. ஒரு நிமிடம் மின்சாரத்தை நிறுத்தி, தகட்டில் தடிப்பாகச் சந்தனம் அப்பிக் குங்குமம் வைத்தேன். அவள் சாமிப்படத்தின் முன் தேவாரம் பாடிக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலை அவள் கூப்பிட ஓடினேன். பெட்டி அனலாய்க் கொதித்தது. முற்றத்தில் குந்தியிருந்து ஒவ்வொரு முட்டையாக உடைத்துக்கொண்டிருந்தாள். உள்ளே இறகு முளைத்த குஞ்சுகள் வெந்து கிடந்தன. நான் பெட்டியின் மூடியைத் திறந்தேன். காய்ந்த சந்தனம் தகட்டை வளையவிடாமல் சட்டத்தோடு ஒட்டிப் பிடித்திருந்தது.

"என்னண்ணை நடந்தது?"

அவள் எழுந்து வருமுன் நகத்தால் சுரண்டிவிட்டேன். "பழைய சாமான்தானே பிள்ளை. ஏலாமப் போச்சு."

"ஓம் அண்ணை. புதுசு வாங்காமல் கேட்டு வந்தது என்ரை பிழைதான்."

பெட்டியை விற்றுவிட்டுப் புகையிலைத் தோட்டத்துக்குக் கூலியாய்ப் போனாள். சென்ற வருடம் கண்மூடும்வரை தன்னைத்தான் நொந்தாள். நான் வாய் திறக்கவில்லை.

இதை யாருக்காவது சொன்னால் எழுதியபடியே சொல்லுங்கள். எனக்கு இரங்கி, கருவி பழுது என்றோ கடவுள் சித்தம் என்றோ மாற்றிவிடாதீர்கள். அவளில் ஒரு பிழையும் இல்லை.