முனியாண்டிக்கு ஒரு மண்டபம்

காலை எட்டு மணிக்கு நுவரெலியாவில் உடப்புசல்லாவை பஸ் ஏறினோம். புவனாவும் நானும் பல்கலைக்கழகத்தில் சுற்றாடல் விஞ்ஞானம் படிக்கிறோம். அவள் பிறந்த தோட்டத்தில், தொழிலாளர் குடியிருக்கும் லயங்களுக்கு மேலே, முனியாண்டி சாமிக்கென்று ஒரு சோலை உண்டு. அங்கே யாரும் சுள்ளிகூடப் பொறுக்கமாட்டார்கள். அதனால்தான் கீழே எல்லோரும் குடம் பிடிக்கும் பீலியில் வருடம் முழுக்க ஊற்றுத்தண்ணீர் கொட்டுகிறது என்பது புவனாவின் கட்சி. அதையே இறுதி ஆண்டு ஆய்வாக எழுதப்போகிறாள். யாழ்ப்பாணத்துக் கிணற்றுத்தண்ணீரில் வளர்ந்த எனக்கு அதைக் குடித்துப் பார்க்கவேண்டும், அவ்வளவுதான்.

சந்தியிலிருந்து தோட்டத்துக்கு மூன்று கிலோமீட்டர். ஓட்டோவுக்கு அறுநூறு ரூபாய்.

"புதுக் கோயில பாக்கத்தான வர்றீங்க? ஒங்கப்பா அசத்திட்டாரு" என்றார் ஓட்டோக்காரர்.

"என்ன கோயிலுண்ணே?" என்றாள் புவனா.

"போய்ப் பாருங்க."

சோலை இருந்த இடத்தில் வெயில் அடித்தது. நடுவே நீலமும் மஞ்சளுமாக ஒரு கொங்கிரீட் மண்டபம். பக்கத்தில் ஒரே ஒரு மரம் மிச்சம். புவனாவின் அப்பா வெள்ளைச் சட்டையோடு காத்திருந்தார்.

"நீ கேம்பஸ் போனா மண்டபம் கட்டுறேன்னு வேண்டியிருந்தேன். சாமி எத்தன காலந்தான் மழையில நனையிறது? தோட்டத்த நடத்துற தொரைகிட்ட கேட்டுத்தான் மரத்த எடுத்தோம். வந்து பாக்கட்டும்னு ஒங்கிட்ட சொல்லல."

"நல்லாருக்குப்பா" என்றாள். வேறென்ன சொல்வாள்? எனக்கு அந்த மனிதர்மேல் கோபம் வரவில்லை. வந்திருந்தால் சுலபமாக இருந்திருக்கும்.

பீலியில் தண்ணீர் நூலாக வந்தது. முன்னால் குடங்கள் வரிசையாக நின்றன. "இந்த வருஷம் மழ கொறைவு" என்றார் அப்பா. நான் குடிக்கவில்லை. பிறகு மிச்ச மரத்தைக் காட்டினார்.

"நீ பாஸ் பண்ணி வந்தா அதையும் எடுத்துட்டு, சுத்திவர டைல்ஸ் போடுறதா வேண்டியிருக்கேன்."

"அது இருக்கட்டும்ப்பா. தண்ணிக்கு அந்த வேருதான் காவல்."

"காவலு சாமிம்மா. அவருகிட்ட சொன்ன சொல்ல மீறலாமா?"

பின்னேரம் திரும்பினோம். கண்ணுக்கெட்டிய வரை தேயிலை; வரும்போது அழகாகத் தெரிந்த அந்தப் பச்சையைப் பார்க்க எனக்கு மனமில்லை.

"அப்பாட்ட விளக்கமாச் சொல்லன். கேப்பார்தானே?" என்றேன்.

"எனக்காகத்தான் வெட்டுனேன்னு சந்தோஷப்படுறவருகிட்ட, அதத் தப்புன்னு சொல்லத்தான் படிக்கிறேன்னு எப்படிடீ சொல்றது?"

கந்தப்பளையில் பஸ் நின்றபோது மறுபடி வாயைத் திறந்தாள்.

"நான் ஃபெயிலானா அந்த மரம் நிக்கும்ல?"

எங்கள் வகுப்பில் அவள்தான் முதலாவது.