தவளக்குப்பத்துப் பூவரச மரத்தடியில் கால் ஊன்றியது

போன மாதம் சென்னையிலிருந்து சைக்கிளிலேயே வந்த ஐந்து பெண்கள் புதுச்சேரிக் கடற்கரையில் என்னிடம் வழி கேட்டார்கள். நோணாங்குப்பம் படகுத்துறையைப் பார்த்துவிட்டு தவளக்குப்பம் வரை ஓட்ட வேண்டுமாம். "ரோடு எப்படி இருக்கும் பாட்டி?" என்றாள் ஒருத்தி. ரோடு கிடக்கட்டும், காற்றைப் பற்றிக் கேள் என்றேன். சிரித்தார்கள். அந்தச் சாலையில் நான் சைக்கிள் பந்தயம் ஓட்டியவள் என்றதும் சிரிப்பு நின்றது. எழுதுங்கள் என்று கேட்டுக்கொண்டார்கள், எழுதுகிறேன். அந்தப் பக்கம் ஓட்டப் போகிற மற்றவர்களுக்கும் உதவும்.

பிரெஞ்சுக்காரர்கள் நிர்வாகத்தை விட்டுப் போய் நாலைந்து வருஷம் ஆகியிருந்த ஒரு கோடை. எனக்குப் பத்தொன்பது வயது. பேர் அஞ்சலை. வைத்திக்குப்பத்தில் வீடு. அப்பா கட்டுமரத்தில் போவார், அம்மா மீன் விற்பாள். ஊரில் ஆண்களுக்குச் சைக்கிள் பந்தயம் வருஷா வருஷம் உண்டு. அந்த வருஷம்தான் முதன்முதலாகப் பெண்களுக்கும் மூன்று நாள் பந்தயம் வைத்தார்கள். ஒவ்வொரு நாள் ஓட்டத்துக்கும் 'எத்தாப்' என்று பேர். மூன்று நாள் நேரத்தையும் கூட்டி, யாருடையது குறைவோ அவளுக்குப் பரிசு. பரிசு ஒரு புது லேடீஸ் சைக்கிள்.

அந்தச் சைக்கிள் எனக்கு வேண்டும். பேருக்கும் புகழுக்கும் இல்லை. அம்மாவுக்குக் கழுத்தெலும்பு தேய்ந்துவிட்டது, இனி தலையில் கூடை வைக்கக் கூடாது என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். பஸ்ஸில் மீன் கூடையை ஏற்ற மாட்டார்கள், நாற்றமாம். ஆகவே அம்மா துணியைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு, கூடையைத் தலையில் வைத்து, தவளக்குப்பம் சந்தைக்குப் பத்து கிலோமீட்டருக்கு மேல் நடந்துகொண்டேதான் இருந்தாள். ஒரு சைக்கிள் இருந்தால் கூடையைப் பின்னால் கட்டி நான் மிதித்துவிடுவேன்.

ஓட்டக் கற்றது கடற்கரையில், அண்ணனிடம். அலை வாங்கிய ஈர மணல் கெட்டியாக இருக்கும், விழுந்தாலும் அடி படாது. பந்தயத்துக்கு வண்டி வாடகைக் கடையிலிருந்து எடுத்தேன், மணிக்கு இரண்டணா. குறுக்குக் கம்பி வைத்த ஆம்பிளை சைக்கிள். பாவாடை சங்கிலியில் மாட்டாமல் இருக்க வலைக் கயிறால் இரண்டு காலிலும் கட்டிக்கொண்டேன். பார்த்தவர்கள் சிரித்தார்கள். சிரிக்கும்படியாகத்தான் இருந்தேன்.

மொத்தம் பதினாலு பேர். அதில் தெரேஸ் என்ற பெண்ணின் வண்டியைத்தான் நான் திரும்பத் திரும்பப் பார்த்தேன். அவள் அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர், ஊரில் எல்லோருக்கும் அவர் முசியே. சைகோனிலிருந்து அவர் கொண்டுவந்த கியர் வைத்த சைக்கிளில் அவள் வந்திருந்தாள். வெள்ளைக் காலுறை வேறு.

முதல் நாள் வில்லியனூர் போய்த் திரும்புவது, இருபது கிலோமீட்டர். சமதரை, இரண்டு பக்கமும் வயல். கியர் இல்லாவிட்டால் என்ன, கால் இருந்தது. தெரேஸைவிட இருபது நொடி முன்னால் வந்தேன். அன்று இரவு எங்கள் வீட்டில் சைக்கிளை எங்கே நிறுத்துவது என்று பேச்சு. அப்பா சுவரில் ஆணி அடிக்கவே கிளம்பிவிட்டார்.

இரண்டாம் நாள்தான் இந்தக் கட்டுரைக்குக் காரணம். காலை எட்டு மணிக்குப் புறப்பட்டு, வடக்கே காலாப்பட்டு வரை போய், திரும்பி ஊருக்குள் வந்து, அப்படியே தெற்கே கடலூர் சாலையில் தவளக்குப்பத்தில் முடிக்க வேண்டும். முப்பத்தைந்து கிலோமீட்டர் இருக்கும். காலாப்பட்டுச் சாலை அப்போது பாதி மண், பாதி ஜல்லி. அதிலேயே பாதிப் பேர் பின்தங்கினார்கள். ஊரைத் தாண்டி அரியாங்குப்பம் பாலத்தில் ஏறும்போது நானும் தெரேஸும்தான் முன்னால். அங்கே தெக்கத்திக் காற்று முகத்தில் மோதியது. கோடையில் பத்து மணிக்கு மேல் அந்தச் சாலையில் அது நிச்சயம்.

எங்கள் குப்பத்துப் பெண்கள் சந்தைக்கு வரிசையாகத்தான் நடப்பார்கள். முன்னால் போகிறவள் காற்றை வாங்குவாள், பின்னால் வருகிறவர்களுக்குச் சுமை லேசாகும். களைத்ததும் "மாத்து" என்று சொல்லி ஒதுங்கிக் கடைசியில் போய்ச் சேர்ந்துகொள்வாள். எட்டு வயதிலிருந்து நானும் அந்த வரிசையில் நடந்தவள். மூச்சு வாங்கியதும் யோசிக்காமல் ஒதுங்கி, "மாத்து!" என்றேன்.

தெரேஸ் திரும்பிப் பார்த்தாள். "என்னா மாத்தணும்?"

"நீ முன்ன போ. நான் உன் பின்னால ஒட்டிக்கினு வரேன். அப்புறம் நான் முன்ன வரேன்."

"நான் உனுக்கு எதுக்கு உதவி பண்ணணும்?"

"பண்ணாத. ரெண்டு பேரும் காத்துல சாவோம்."

கொஞ்ச தூரம் வீம்பு பிடித்தாள். பிறகு முன்னால் வந்தாள். அதற்கப்புறம் நாங்கள் ஓட்டிய ஓட்டத்தை நினைத்தால் இப்போதும் சந்தோஷமாக இருக்கிறது. பேச்சே கிடையாது, "மாத்து", "மாத்து" மட்டும். நோணாங்குப்பம் ஆற்றுப் பாலத்துக்கு அப்புறம் அவள் களைத்துவிட்டாள். நான் முன்னால் இருந்தேன், பின்னால் சத்தம் குறைந்தது. திரும்பினால் நூறு கெஜம் பின்னால் வருகிறாள். சைக்கிள் எனக்குத்தான் என்று நினைத்தேன்.

சந்தைக்கு இந்தப் பக்கம் அப்போது ஒரு பூவரச மரம் நின்றது. சந்தைக்கு முதலில் வந்து சேருகிறவள் நேரே உள்ளே போகக் கூடாது என்பது எங்கள் பெண்களின் கட்டுப்பாடு. முதலில் போகிறவள் கிடைத்த விலைக்குத் தள்ளிவிட்டால், பின்னால் வருகிறவர்களின் மீனுக்கு விலை ஏது? மரத்தடியில் நின்று கடைசி ஆள் வந்த பிறகு எல்லோரும் சேர்ந்துதான் நுழைவார்கள். பதினோரு வருஷம் அந்த மரத்தடியில் நின்ற கால் இது.

நின்றுவிட்டேன். பிரேக்கைப் பிடித்து, மரத்தடியில் ஒரு காலை ஊன்றி, பின்னால் வருகிறவளுக்காகத் திரும்பிப் பார்த்துக்கொண்டு நின்றேன். முடிவுக் கோடு எதிரே, சந்தை வாசலில். ஜனம் கத்தியது. என்னை உற்சாகப்படுத்துகிறார்கள் என்று நினைத்தேன். தெரேஸ் பக்கத்தில் வந்து, "பஞ்சரா?" என்று கேட்டுக்கொண்டே என்னைத் தாண்டிப் போனாள். அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. மற்றவர்கள் எங்கே என்று சாலையைப் பார்க்கிறேன்!

மீனை அப்படியே போட்டுவிட்டு அம்மா ஓடிவந்தாள். "அடிப்பாவி, என்னாத்துக்குடி நிக்கிற? இது என்னா மீன் கூடையா? ஓட்டுடி!"

ஓட்டினேன். தெரேஸ் என்னைவிட ஒரு நிமிஷம் முன்னால் முடித்திருந்தாள். கணக்குப் போட்டால் இப்போது நான் நாற்பது நொடி பின்னால். சாலையோரத்தில் உட்கார்ந்து அழுதேன். தெரேஸ் வந்து, ஏன் நின்றாய் என்று கேட்டாள். மூக்கைச் சிந்திக்கொண்டே மரத்தடிக் கதையைச் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. அதுவே பெரிய விஷயம், ஏனென்றால் எங்கள் சொந்தக்காரர்கள் எல்லோரும் சிரித்துவிட்டார்கள்.

மூன்றாம் நாள் ஊரைச் சுற்றியுள்ள பூல்வார் என்ற அகலச் சாலையில் ஐந்து சுற்று. என் உடம்பில் இருந்ததை எல்லாம் கொட்டினேன். முதலாவதாக வந்தேன். வந்து, வண்டியைப் பிடித்துக்கொண்டு, நாற்பது நொடிக்குள் தெரேஸ் வரக் கூடாது வரக் கூடாது என்று வேண்டிக்கொண்டே திரும்பிப் பார்த்தேன். முப்பத்தைந்தாவது நொடியில் அவள் பல்லைக் கடித்துக்கொண்டு வந்து சேர்ந்தாள். ஐந்து நொடியில் சைக்கிள் போயிற்று. விட்டுக்கொடுக்காமல் ஓட்டினாள், நேர்மையாக ஜெயித்தாள். எனக்கு இரண்டாம் பரிசாக ஒரு டிபன் கேரியர் தந்தார்கள்.

பரிசு கொடுத்த இடத்தில் அம்மா என்னைப் பார்க்கவே இல்லை. தெரேஸையும் புது சைக்கிளையும் மாறி மாறிப் பார்த்தாள். "அந்தப் பொண்ணுகிட்டத்தான் ஏற்கெனவே ஒண்ணு இருக்குதே?" என்றாள். அடுத்த நிமிஷம் முசியேவின் முன்னால் நின்றாள்.

"முசியே, பழைய வண்டிய என்னா பண்ணப் போறீங்க?"

அவர் மகளைப் பார்த்தார். மரத்தடிக் கதை அவர் காதுக்குப் போயிருந்தது போலிருக்கிறது. "எடுத்துக்கினு போங்கம்மா. சும்மாவே தரேன்," என்றார்.

"சும்மா வாணாம். சும்மா வாங்கினா நாளைக்கு எம் பொண்ணு ஓட்டுறது தர்மத்துக்கு வந்த வண்டின்னு ஊரு பேசும். உங்க வூட்ல வெள்ளிக்கிழமை மீன்தானே? வாரா வாரம் நான் கொண்டாரேன். தீவாளி வரைக்கும்."

அவருக்கும் இப்போது பேரத்தில் ருசி வந்துவிட்டது. "அடுத்த பாஸ்கு வரைக்கும்," என்று ஈஸ்டருக்கு இழுத்தார்.

"பாஸ்கு வரைக்கும்னா காரல் பொடிதான். தீவாளின்னா வஞ்சிரம்."

கிறிஸ்துமஸ் வரை, ஒரு வாரம் வஞ்சிரம், ஒரு வாரம் கொடுவா என்று முடிந்தது. மூன்று நாளில் நான் மிதித்துச் சம்பாதிக்க முடியாததை அம்மா நின்ற இடத்தில் பேசி வாங்கிவிட்டாள். எனக்கு வெட்கமாகவும் இருந்தது, துள்ளிக் குதிக்க வேண்டும் போலவும் இருந்தது.

சரி, போகிறவர்களுக்கு. கடற்கரையிலிருந்து தவளக்குப்பம் முனை பத்து கிலோமீட்டர் சுமார், நிதானமாக மிதித்தால் முக்கால் மணி நேரம். கோடையில் ஆறு மணிக்கே கிளம்பிவிடுங்கள், பத்துக்கு மேல் திரும்பினால் காற்று முதுகில் தள்ளும். அரியாங்குப்பம் பாலத்தில் பஸ்கள் இடம் விடாது, ஒற்றை வரிசையில் போங்கள். முன்னால் போகிறவளை மாற்றிக்கொண்டே இருங்கள். இன்றைக்கு அதற்குப் பெரிய பெரிய பேர் வைத்திருக்கிறார்களாம். எங்களுக்கு 'மாத்து'தான். படகில் போக வேண்டுமானால் நோணாங்குப்பத்தில் சீக்கிரம் வரிசையில் நில்லுங்கள், விடுமுறை நாளில் கூட்டம் அள்ளும்.

பூவரச மரம் இப்போது இல்லை. சாலையை அகலமாக்கியபோது வெட்டிவிட்டார்கள். ஆனாலும் முனைக்குக் கொஞ்சம் முன்னால் நின்று, கூட வந்தவர்கள் சேர்ந்த பிறகு போங்கள். ஏன் என்று கேட்டால் இதைச் சொல்கிறேன்.

பந்தயம் முடிந்த அடுத்த வாரம், சைகோன் சைக்கிளில் முன் கம்பியில் ஒரு கூடை, பின்னால் மடியில் ஒரு கூடையோடு அம்மா. முதல்முறையாக அவள் தலையில் ஒன்றும் இல்லை. நடந்து வந்துகொண்டிருந்த எங்கள் பெண்களை அரியாங்குப்பத்திலேயே தாண்டிவிட்டோம். தவளக்குப்பத்தில் சந்தை திறந்து கிடந்தது, வாங்குகிறவர்கள் காத்திருந்தார்கள், மீனோடு வந்தது நாங்கள் மட்டும்தான். இந்த முறை நான் நிற்பதாக இல்லை. பட்ட பாடு போதும் என்று எழும்பி மிதித்தேன்.

முதுகில் ஒரு தட்டு விழுந்தது.

"நிறுத்துடி," என்றாள் அம்மா. "அவங்க வரட்டும்."

மரத்தடியில் காலை ஊன்றினேன். முக்கால் மணி நேரம் நின்றோம்.