பெருநாளன்று பரீட்சைக்குப் போனவள்

அறுபத்தொன்றாம் வருஷம் மாசி மாதத்தில் பம்பாய் சர்வகலாசாலை முழுவதும் உறிஞ்சப்பட்ட அமிலத்தில் பாதியை உறிஞ்சியவள் நான்தான். சரி, பாதி என்பது அதிகம். எங்கள் ஆய்வுக்கூடத்தில், எங்கள் மேஜையில், இரண்டு பேர் உறிஞ்ச வேண்டியதை நான் ஒருத்தியே உறிஞ்சினேன். அந்த இன்னொருத்தியைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

அவள் பெயர் நஜ்முன்னிசா. தாராவியில் தோல்பெட்டிப் பட்டறை வைத்திருந்த கரீம் பாட்சாவின் மூத்த மகள். குடும்பம் மேலப்பாளையத்திலிருந்து வந்தது; அவள் பிறந்தது தாராவி லேபர் கேம்ப் பக்கம். நான் மாட்டுங்காவில் மூன்றாவது மாடி, பாலக்காட்டுக் குடும்பம், அப்பாவுக்கு ரயில்வே ஆபீஸ். எம்.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி வகுப்பில் தமிழ் பேசுகிறவர்கள் நாங்கள் இருவர் மட்டுமே என்பதால் முதல் நாளே ஒரே மேஜைக்கு வந்துவிட்டோம்.

"அய்யர் வீட்டுப் புள்ள பக்கத்துல நான் இருக்கலாமா?" என்றாள், இடுப்பில் கையை வைத்துக்கொண்டு.

"தாராளமா இரு. என் பேனாவை மட்டும் கேக்கப்படாது" என்றேன்.

மறுநாளிலிருந்து அந்தப் பேனா அவளிடம்தான் இருந்தது.

பிப்பெட் என்று ஒரு கண்ணாடிக் குழாய். நடுவில் வயிறு பெருத்திருக்கும். அடி முனையைத் திரவத்தில் விட்டு, மேல் முனையை வாயில் வைத்து, கோடு வரைக்கும் உறிஞ்சி, சட்டென்று விரலால் அடைக்க வேண்டும். கொஞ்சம் அசந்தால் திரவம் நாக்கில். இன்றைய பிள்ளைகளிடம் சொன்னால் போலீஸைக் கூப்பிடுவார்கள். அப்போது எல்லோரும் அப்படித்தான் அளந்தோம். அந்த வருஷம் ரமலான் மாசியில் வந்தது. நோன்பிருக்கிறவள் வாயில் ஒரு சொட்டு உள்ளே போனாலும் அன்றைய நோன்பு போச்சு. நஜ்மா பிப்பெட்டை வாயில் வைக்கமாட்டேன் என்று சொல்லிவிட்டாள்.

எங்கள் லேபைப் பார்த்துக்கொண்டிருந்த டெமான்ஸ்ட்ரேட்டர் சிரிக்கவே தெரியாத மனிதர். விஞ்ஞானம் படிக்க வந்தவள் ஒரு மாதம் நோன்பைத் தள்ளிவைக்கக் கூடாதா என்று இங்கிலீஷில் கேட்டார்.

"விஞ்ஞானத்துக்குக் கண் வேணும், கை வேணும் சார். என் வாய் எதுக்கு?" என்று அவளும் இங்கிலீஷிலேயே கேட்டாள்.

லேப் முழுக்கச் சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. ஆனால் யோசித்துவிட்டு, அவள் பங்கையும் நான் உறிஞ்சலாம் என்று அனுமதி கொடுத்தார். நானும் சும்மா செய்யவில்லை. சொட்டுச் சொட்டாக விட்டு நிறம் மாறும் சொட்டில் நிறுத்த வேண்டிய வேலைக்கு எனக்குக் கை நிற்காது. நான் நிறுத்துவதற்குள் குடுவைக்குள் ஹோலி முடிந்திருக்கும். அதை அவள் செய்தாள். அவள் வலது கை பக்கம் நான். குழாயை அவள் வலப்பக்கம் நீட்டுவாள், நான் உறிஞ்சித் திருப்பிக் கொடுப்பேன். பேச்சே கிடையாது. மாதம் முழுக்க இப்படி.

நிஜமான ஹோலியும் நோன்புக்குள்தான் வந்தது. நோன்பிருக்கிறவள் வரமாட்டாள் என்று பையன்கள் நினைத்தார்கள். அவள் உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு, தண்ணீர் பீய்ச்சும் லேப் பாட்டிலில் பச்சைச் சாயத்தைக் கரைத்து, காரிடார் முனையில் நின்று வருகிறவனையெல்லாம் நனைத்தாள். துறைத் தலைவர் அன்று கிளிப்பச்சையில் வீட்டுக்குப் போனார். அவர் மனைவி கதவைத் திறக்க மறுத்துவிட்டார் என்று கேள்வி. கேள்வியைக் கிளப்பியவள் நான்.

சாயங்காலங்களில் சில நாள் அவள் வீட்டுக்குப் போவேன். அவள் உம்மா ராபியா எனக்கென்று கறி போடாமல் தனிச் சட்டியில் நோன்புக்கஞ்சி காய்ச்சிவைப்பார். அங்கேதான் ஒரு நாள் விஷயம் தெரிந்தது. கல்யாண் ஊரில் தோல் மண்டி வைத்திருந்த முகைதீன் சாகிபின் வீட்டிலிருந்து நஜ்மாவைப் பார்க்கப் பெருநாளன்று வருகிறார்கள்.

"நல்ல எடம்மா" என்றார் ராபியா என்னிடம். "படிச்சது போதும்னு மட்டும் சொல்லுதாக."

"எனக்குப் போதுமான்னு யாரும் கேக்கல" என்றாள் நஜ்மா.

கரீம் பாட்சா கெட்டவர் இல்லை. தாராவியில் பெண்ணை எம்.எஸ்ஸி. வரைக்கும் அனுப்பியதற்காகத் தெருவெல்லாம் பேச்சு வாங்கியவர். அவர் வைத்த எல்லை ஒன்றுதான்: இந்த வருஷத்தோடு முடி. ஆகவே இந்த வருஷம் பாஸானால் பட்டம். தவறினால் அடுத்த வருஷம் என்ற ஒன்று அவளுக்குக் கிடையாது.

இந்த லட்சணத்தில் செய்முறைப் பரீட்சைக்குத் தேதி வந்தது. காலண்டர்க்காரன் அந்த வருஷம் பெருநாளையும் மராட்டியர்களின் பாட்வா வருஷப் பிறப்பையும் ஒரே சிவப்புக் கட்டத்தில் அடைத்திருந்தான். ஒரு விடுமுறைக்கு இரண்டு பண்டிகை என்று சர்வகலாசாலைக்குச் சந்தோஷம். அடுத்த நாளே பரீட்சையைப் போட்டுவிட்டார்கள். பிறை காலண்டரைப் பார்த்து உதிப்பதில்லை. முதல் நாள் சாயங்காலம் அது வரவில்லை. பாட்வா அன்றும் நஜ்மா நோன்பு. தாதரில் எங்கள் வகுப்புக் குசும் வீட்டு விருந்தில் அவள் பங்கு ஸ்ரீகண்ட் தயிர் இனிப்பையும் நான்தான் சாப்பிட்டேன்.

இப்போது வழி இரண்டு. அன்று சாயங்காலம் பிறை தெரியாவிட்டால் மறுநாளும் நோன்பு. பரீட்சையில் தனியாக, வாயில் குழாயை வைத்தாக வேண்டும். தெரிந்துவிட்டால் மறுநாள் பெருநாள். கல்யாண்காரர்கள் வந்து உட்கார்ந்திருப்பார்கள், பெண் வீட்டைவிட்டு நகர முடியாது. துறைத் தலைவரை அவர் வீட்டுக்கே தேடிப்போய்த் தேதியை மாற்றக் கேட்டோம். சந்திரனுக்குச் சுற்றறிக்கை அனுப்பும் அதிகாரம் தனக்கு இல்லை என்றார். பச்சைச் சாயத்தை அவர் மறக்கவில்லை என்று இன்றைக்கும் எனக்குச் சந்தேகம்.

பட்டறைக்குப் பின்னால் தோல் காயப்போடும் வெட்டவெளியில் எல்லோரும் மேற்கே மாஹிம் பக்கம் பார்த்து நின்றோம். முதலில் பார்த்தவள் நஜ்மாதான். விரலை நீட்டினாள். நகம் வெட்டிப் போட்டது போல ஒரு கீற்று. சுற்றிலும் ஒரே சத்தம், சலாம், பட்டாசு. அவள் நேராக வாப்பாவிடம் போனாள்.

"நாளைக்குப் பரீட்சைக்குப் போறேன் வாப்பா."

"பெருநாள் அன்னைக்கா? அவுக வந்தா நான் என்னத்தச் சொல்ல?"

"பரீட்சைக்குப் போயிருக்கான்னு சொல்லுங்க."

"வயசுப் புள்ள நல்ல நாள்ல வெளிய கெடந்தா என்ன நெனைப்பாக?"

"பரீட்சைக்குப் போற புள்ளன்னு நெனைப்பாக."

"ஏட்டி, அடுத்த வருஷம் எழுதிக்கிடலாம்லா?"

"அடுத்த வருஷம் நான் எங்க இருப்பேன்னு நீங்களே சொல்லுங்க வாப்பா."

கரீம் பாட்சா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு பட்டறைக்குள் போய்விட்டார். ராபியாதான் அரைத்த மருதாணியைக் கொண்டுவந்து வைத்தார். "போறவ போவா. பெருநாளும் அதுவுமா வெறுங்கையோட போவாளாக்கும். கையை நீட்டு."

மறுநாள் காலை பச்சைப் பட்டும் அத்தர் வாசனையுமாக லேபுக்குள் வந்தாள். ஆண்கள் தொழுகைக்குக் கிளம்புகிற சந்தடியில், பாயசம் அடுப்பில் கொதித்துக்கொண்டிருக்கும்போதே ஓடிவந்திருக்கிறாள். பதிவெண் அடுத்தடுத்து வந்ததால் அன்றும் அவள் வலது கை பக்கம் நான். பூனாவிலிருந்து வந்திருந்த தேர்வாளர் அவளை மேலும் கீழும் பார்த்தார்.

"உங்களுக்கு இன்று பண்டிகை இல்லையா?"

"ஆமாம் சார். அதனால்தான் நல்ல உடையில் வந்திருக்கிறேன்."

வேலை தொடங்கியது. கையிலெடுத்த பிப்பெட்டைக் கரைசலில் விட்டாள். கண், சொட்டு விடும் பியூரெட் குழாயில். குழாயின் மேல் முனை, மாதம் முழுக்கப் போன பாதையிலேயே, வலப்பக்கம் என்னிடம் வந்தது. நானும் என்ன செய்தேன் தெரியுமா? குனிந்து வாயைக் கொடுத்தேன்!

"ஸ்டாப்!" என்றார் பூனாக்காரர். "இரண்டு பேரும் வெளியே போங்கள்."

நான் அழத் தயாரானேன். அவள் ஸ்டூலை இன்னும் உள்ளே இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"போகமாட்டேன் சார். நேற்று வரைக்கும் நோன்பு. அது முடிந்துவிட்டது என்று எனக்குத் தெரியும். என் கைக்குத் தெரியவில்லை. என் விடை தப்பாக இருந்தால் ஃபெயில் போடுங்கள். கைப்பழக்கத்துக்கு ஃபெயில் போடாதீர்கள்."

"இந்தக் கதையை நான் நம்ப வேண்டுமா?"

"நம்பலாம்" என்று பின்னாலிருந்து ஒரு குரல். சிரிக்கத் தெரியாத டெமான்ஸ்ட்ரேட்டர். "மாதம் முழுக்க இப்படித்தான் செய்தார்கள். அனுமதி கொடுத்தது நான்."

தேர்வாளர் என்னைப் பிடித்து லேபின் அந்தக் கோடியில் உட்காரவைத்தார். அங்கிருந்து பார்த்தேன். நஜ்மா குழாயை வாயில் வைத்தாள். பழக்கம் விட்டுப்போனதில் பலமாக உறிஞ்சிவிட்டாள். கரைசல் சலவைச் சோடா. பெருநாள் காலையில் ஊரே பாயசம் குடிக்கும்போது அவள் வாயில் முதலில் விழுந்தது அதுதான். ஸிங்க்கில் துப்பினாள், கொப்புளித்தாள், புறங்கையால் வாயைத் துடைத்தாள், மறுபடியும் குழாயை எடுத்தாள். இந்தத் தடவை கோட்டிலேயே நிறுத்தி, மருதாணி விரலால் அடைத்தாள்.

முதல் வகுப்பு என்று எழுதத்தான் எனக்குக் கை துடிக்கிறது. அவள் பக்கத்தில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருக்கிறாள். இரண்டாம் வகுப்பு. பிறகு செம்பூரில் ஒரு பெண்கள் பள்ளியில் ஓய்வு பெறும் வரைக்கும் கெமிஸ்ட்ரி டீச்சர். வேலையில் சேர்ந்த வாரமே, பிப்பெட்டில் மாட்டி உறிஞ்ச ரப்பர் பல்பு வாங்கித் தராவிட்டால் லேபைத் திறக்கமாட்டேன் என்று தலைமையாசிரியையிடம் நின்றாள். அவள் லேபில் எந்தப் பெண்ணும் எதையும் வாயால் உறிஞ்சவில்லை. தன்னைவிட இளையவரான ஷாகுல் ஹமீதை, தானே பேசி, தானே நாள் குறித்து மணந்துகொண்டாள்.

பரீட்சை முடிந்த அந்த மத்தியானத்துக்கு வருகிறேன். இருவரும் தாராவிக்கு ஓடினோம். கல்யாண்காரர்கள் பாயை விட்டு எழாமல் காத்திருந்தார்கள். மாப்பிள்ளையின் தாயார், "இப்படியா பெருநாளைக் கொண்டாடுறது?" என்று கேட்டார். நஜ்மா வாசலில் நின்றபடியே, பெண்ணின் படிப்பைப் பற்றி ஒரு பிரசங்கம் செய்தாள் பாருங்கள், தெரு முழுக்கக் கூடிவிட்டது. பட்டறை ஆட்கள் சுத்தியலைப் போட்டுவிட்டுக் கை தட்டினார்கள். மாப்பிள்ளை எழுந்து நின்று...

"ஏளா ருக்கு, நிறுத்து" என்கிறாள் நஜ்மா, பேனாவைப் பிடித்துக்கொண்டு. "கை தட்டுனதும் இல்ல, பிரசங்கமும் இல்ல. நாம போறதுக்கு முந்தியே அவுக கிளம்பிப் போயாச்சு. நான் யார்ட்டப் பேச? வாப்பா மட்டும் சாப்பிடாம ஒத்தையில உக்காந்திருந்தாக. 'சம்பந்தம் போச்சு'ன்னாக. 'போகட்டும்'னேன். 'பாஸாயிருவியா?'ன்னாக. 'ஆயிருவேன்'னேன். 'அப்ப உக்காரு, சோறு ஆறுது'ன்னு இன்னொரு தட்டை எடுத்து வச்சாக."