சரிங்க என்று சொன்ன மதியம்

நான் முதன்முதலில் கம்ப்யூட்டரைப் பார்த்தபோது அதற்குச் சட்டை போட்டிருந்தார்கள். தூசி படக்கூடாதென்று தைத்த துணி உறை. அந்த அறைக்குள் செருப்போடு போக முடியாது. “மாரியாத்தாளே வேர்வையிலதான் நிக்கிறா, இதுக்கு ஏ.சி. கேக்குது பாருங்க” என்பார் எங்கள் வாட்ச்மேன்.

சேலத்தில் ஒரு கல்லூரி நூலகத்தில் அட்டெண்டராக இருந்தேன். எட்டாவதோடு பள்ளிக்கூடம் என்னை விட்டுவிட்டது, புத்தகம் விடவில்லை. எண்பதுகளின் பிற்பகுதி அது. சென்னையிலிருந்து ஒரு பேராசிரியர் வந்து எங்கள் கல்லூரியில் பயிலரங்கு நடத்தினார். பல இடத்தில் சிதறிக்கிடக்கும் தகவல்களை ஒன்றாகக் கோத்து வலை பின்னுவது எப்படி என்பதுதான் பாடம். இன்றைக்கு இதற்குப் பெரிய பெரிய பெயர்கள் இருக்கின்றன. அவர் எளிமையாக ‘உறவு வலை’ என்றார். ஆள் ஒரு முடிச்சு, உறவு ஒரு நூல், அவ்வளவுதான். அட்டை வெட்டித் தருவதற்காக என்னையும் உள்ளே உட்கார வைத்தார்கள். நாலு ஊர் மனிதர்கள் பேசுவதைக் காதாரக் கேட்கலாமே என்று எனக்குக் கொண்டாட்டம்.

அதற்கு முன்பே மாணவர்கள் ஆத்தூர்ப் பக்கமும் திருச்செங்கோட்டுப் பக்கமும் கிராமங்களுக்குப் போய், வீட்டில் யார் யார், யார் இருக்கிறார்கள், யார் தவறிவிட்டார்கள் என்று கேட்டு எழுதி வந்திருந்தார்கள். மக்கள் சொன்ன சொல்லை அப்படியே எழுதியிருந்தார்கள். கிழக்கே ஆத்தூரில் ஒரு பேச்சு, மேற்கே திருச்செங்கோட்டில் ஒரு பேச்சு. இரண்டையும் இணைக்க வேண்டுமானால் எந்தச் சொல்லும் எந்தச் சொல்லும் ஒன்று என்று முதலில் முடிவுகட்ட வேண்டும்.

அந்த வேலை சாப்பாட்டுக்குப் பிறகு நடந்தது. தயிர்சாதம் உள்ளே போய் கண்ணைக் கீழே இழுக்கிற நேரம்.

“அப்பா, அய்யன், நைனா எல்லாம் தந்தை. சரியா?” என்றார் பேராசிரியர்.

“சரிங்க.”

ஆத்தூரிலிருந்து வந்த பள்ளி ஆசிரியர் ஒருவர் எழுந்தார். “அப்பாருன்னும் சொல்லுவோம் சார். எங்கப்பாரு, அவங்கப்பாருன்னு. மரியாதைக்கு.”

“அப்பாரு, தந்தை. சரியா?”

“சரிங்க” என்றது திருச்செங்கோட்டுக்காரர்கள் உட்கார்ந்திருந்த மேற்கு பெஞ்சு முழுவதும்.

அப்புறம் அவர் இன்னொரு விதி சொன்னார். ஒரே ஆளைப் பற்றி ஓரிடத்தில் ‘இருக்கிறார்’ என்றும் இன்னோரிடத்தில் ‘இறந்தார்’ என்றும் இருந்தால் எதை எடுப்பது? “இறந்தாரைத்தான். இருக்கிறவர் நாளைக்கு இறக்கலாம், இறந்தவர் திரும்பி வரமாட்டார்.” எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு எனக்கு இன்னும் காதில் இருக்கிறது.

மறுநாள் காலை வலை தயார். யாராவது உங்கள் குடும்பத்தைக் கேட்டுப் பாருங்கள் என்றார் பேராசிரியர். முன் வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்து போனாள். கணக்கு விரிவுரையாளர், விடுதியில் தங்கி வேலை பார்ப்பவள், திருச்செங்கோட்டுப் பக்கத்துப் பிள்ளை. அவள் ஊரும் கணக்கெடுத்த ஊர்களில் ஒன்று. அவள் அப்பா ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் லாரியோடு வடக்கே போனவர். “ரிக்குக்காரன் ஊட்டுக்கு வந்தா விருந்தாளி” என்று அந்தப் பக்கம் சொல்வார்கள். போனால் மாதக்கணக்காகும்.

பிரிண்டர் கிர்ர் என்று அழுதது. அவள் தாளைக் கிழித்துப் படித்தாள். அம்மா இருக்கிறார். அண்ணன் இருக்கிறார். தந்தை, இறந்தார்.

“சார், இது தப்புங்க” என்றாள் சிரித்துக்கொண்டே. சொல்லி முடிப்பதற்குள் சிரிப்பு அந்த முகத்திலேயே செத்துப்போனது. “எங்க ஊட்டுல யாரு சொன்னது இதை?”

பேராசிரியர் கணக்கெடுத்த அட்டையைப் பார்த்து, “உங்க அண்ணன்தான்” என்றார்.

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். “கொஞ்ச நாளா கடுதாசியே இல்லீங்க... நான் ஒத்தையில இருக்கறேன்னு எங்கிட்ட மறைச்சுப்போட்டாங்க... அய்யோ, என்ர அய்யன்...”

சாவுச் செய்தி ஆள் மூலமாக வரும், தந்தியில் வரும். இயந்திரம் வாசித்து நான் பார்த்தது அன்றுதான். என் கையிலிருந்த அட்டைகள் கீழே கொட்டின.

முதல்வர் அறையிலிருந்து டிரங்கால் போட்டோம். அவள் அண்ணன் திருச்செங்கோட்டில் ரிக் ஆபீஸ் ஒன்றில் வேலை பார்த்தான். லைன் கிடைக்கும்வரை அவள் மேசை விளிம்பைப் பிடித்தபடி நின்றாள். அரை மணி நேரம் ஆகியிருக்கும். உட்காரச் சொன்னால் காதில் விழவில்லை. மணி அடித்ததும் பாய்ந்து எடுத்தாள்.

“அண்ணா, அய்யனுக்கு என்ன ஆச்சு? மறைக்காமச் சொல்லு!”

அந்தக் காலத்து டிரங்காலில் கத்தித்தான் பேசுவார்கள். அண்ணன் குரல் வாசல்வரை கேட்டது. “அய்யனுக்கு என்ன? நேத்துக்கூட ராய்ப்பூர்ல இருந்து பேசுனாரு. ஏன்?”

“காலேஜ்ல இருந்து வந்தவங்ககிட்ட யாரு செத்துட்டாங்கன்னு சொன்னே?”

“அப்பாரைச் சொன்னேன். அப்பாரு செத்தது உனக்குத் தெரியாதாக்கும்? நீதானே அழுது ஊரையே கூட்டுனே?”

மேற்கே அப்பாரு என்றால் அப்பா அல்ல, அப்பாவைப் பெற்ற தாத்தா. தாத்தாவும் அப்பாவும் ஒரே முடிச்சாகி, ‘இறந்தார்’ ஜெயித்துவிட்டது.

கம்ப்யூட்டர் அறைக்குத் திரும்பியதும் பேராசிரியர் மேற்கு பெஞ்சுப் பக்கம் திரும்பினார். “நேத்து கேட்டப்ப எல்லாரும் சரின்னு சொன்னீங்களே?” என்றார்.

மேற்கு பெஞ்சிலிருந்த ஒரு பெரியவர்தான் பதில் சொன்னார். “சரிங்கன்னா ஒத்துக்கிட்டோம்னு ஆகுங்களா? நீங்க சொன்னது காதுல விழுந்துச்சுன்னு அர்த்தமுங்க. வாத்தியார் சொல்றப்ப மறுத்தா நல்லா இருக்குங்களா?”

அப்போதுதான் அந்த பெஞ்சுக்காரர்களுக்கு உறைத்தது. “அப்படின்னா எங்க ஊர்ல எத்தனை பேரு அய்யனைச் சாகடிச்சிருக்கோம்?” என்று ஒருவர் கேட்க, எல்லோரும் தாள்களின் மேல் விழுந்தார்கள். பேராசிரியர் மெஷினை நிறுத்தச் சொன்னார். ஆத்தூர் ஆசிரியர் வராந்தாவில் தலையில் கை வைத்து நின்றார். “எங்க ஊட்டுச் சொல்லுங்க அது, நான் என்னத்தைக் கண்டேன்” என்றே திரும்பத் திரும்பச் சொன்னார்.

அவள் சமாதானமாகவில்லை. அன்று மாலை அவளைத் திருச்செங்கோடு பஸ் ஏற்ற நான்தான் போனேன். “அண்ணனே சொல்லிப்போட்டாரு, அப்புறம் என்னம்மா?” என்றேன்.

“அரை மணி நேரம் எங்க அய்யன் செத்துக் கெடந்தாருங்கண்ணா. அவரு வாயால ஒரு வார்த்தை கேக்காம எனக்கு அது போகாதுங்க” என்றாள்.

பிறகு நடந்ததை அவளே சொல்லித்தான் தெரியும். அண்ணன் ஆபீசில் காத்திருந்து, ராய்ப்பூருக்கு லைன் கிடைத்து, “என்ன சாமி, சாப்புட்டியா?” என்று அந்தக் குரல் கேட்டதும் இவள் அழ ஆரம்பித்துவிட்டாள். சொல் வரவில்லை. “ஏஞ்சாமி அழுவுறே? ஊட்டுல யாருக்கு என்ன ஆச்சு? சொல்லு சாமி!” என்று அவர் அங்கே கத்திக்கொண்டே இருந்திருக்கிறார். இவள் வாயைத் திறப்பதற்குள் லைன் அறுந்துபோனது. திரும்பப் போட்டபோது அங்கே வேறு யாரோ எடுத்துச் சேதி சொன்னார்கள்.

ஊரில் யாரோ தவறிவிட்டார்கள் என்று சொல்லிவிட்டு, வேலையைப் போட்டது போட்டபடி அவள் அய்யன் தெற்கே வருகிற லாரியில் ஏறிவிட்டாராம்.