மணி அடிக்காவிட்டால் சுகம்

லண்டனில் இருக்கும் என் மனைவியின் தம்பி இப்போதெல்லாம் தொலைபேசி எடுத்தால் பாதி நேரம் தன் வீட்டைப் பற்றித்தான் கதைக்கிறான். கதவு தானாகப் பூட்டிக்கொள்ளுமாம். விளக்கை வாயால் சொன்னால் அணையுமாம். பால் முடிந்தால் குளிர்சாதனப் பெட்டியே அவனுக்குச் செய்தி அனுப்புமாம். "உங்களுக்கும் ஏதும் ஒண்டு அனுப்பட்டே, அத்தான்?" என்று கேட்பான். எங்கள் வீட்டில் பால் முடிந்ததைச் சொல்ல உன் அக்கா இருக்கிறா, அதைக் குடித்து முடித்தது யார் என்றும் சேர்த்தே சொல்லுவா என்று சமாளித்துவிடுவேன்.

இந்தச் சாமான்களால் உண்மையில் பிரயோசனம் உண்டா என்று யாராவது கேட்டால் உண்டு என்றுதான் சொல்வேன். அப்படி ஒன்று எங்கள் வீட்டிலும் சில வருடங்கள் வேலை செய்தது.

துணுக்காயில் எங்கள் பக்கம் அப்போது மின்சாரம் இல்லை. ஆனாலும் எனக்கு மின்சார வேலை தெரியும் என்று ஊர் நம்பியது. மின்சாரம் இல்லாத ஊரில் அந்தப் பெயரை எடுப்பதும் சுலபம், காப்பாற்றுவதும் சுலபம்.

மனைவியின் தகப்பனார் எங்களோடு இருந்தார். நான் அவரை மாமா என்பேன். குடியேற்றத் திட்டத்தில் காணி கிடைத்து யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, காட்டை வெட்டி வயலாக்கியவர். பாரிசவாதம் வந்து வலப்பக்கம் விழுந்துவிட்டது. பேச்சும் போனது. ஒரே ஒரு சொல் மட்டும் மிஞ்சியது: "என்னடா." தண்ணீர் வேண்டுமென்றாலும் என்னடா, முதுகு நொந்தாலும் என்னடா, பார்க்க வந்த கோயில் ஐயருக்கும் என்னடா. கலியாணம் முடித்த நாளிலிருந்து என்னை "தம்பி வாங்கோ, இருங்கோ" என்று மரியாதை குறையாமல் அழைத்த மனிதர். மருமகனைப் பற்றி மனதில் இருந்ததைச் சொல்ல அவருக்கு ஒரு நோய் வருத்தம் வரவேண்டியிருந்தது என்று நான் பகிடி விடுவேன். அவரும் ஒரு பக்கத்து வாயால் சிரிப்பார்.

அந்தச் சொல்லும் கட்டிலைத் தாண்டிக் கேட்காது. ஆகவே யாரையாவது கூப்பிட வேண்டுமென்றால் இடது கையால் தண்ணீர்ப் பேணியை எடுத்துக் கட்டில் இரும்பில் தட்டுவார். அந்தச் சத்தம் சமைக்கிற குசினி வரைக்கும் வரும், அதற்கு அப்பால் வராது. அதனால் என் மனைவியின் உலகமும் குசினியோடு முடிந்தது. கிணற்றடிக்குப் போனால் அரைவாளி தண்ணீரோடு ஓடி வருவாள். கிணற்றுக்கு அப்பால் அவளுடைய மிளகாய்த் தோட்டம். அதை நான் பார்த்துக்கொண்டேன். நான் பார்த்துக்கொண்டதன் விளைவை ஆடுகள்தான் நன்றாக அனுபவித்தன.

பிறகு சண்டை ஓய்ந்து சமாதானம் வந்தது, பூட்டிக் கிடந்த பாதை திறந்தது. தம்பிக்காரன் லண்டனிலிருந்து வந்து இறங்கினான். அவன் பையில் இருந்தது கம்பியில்லாத அழைப்பு மணி. அழுத்துகிற கட்டை ஒன்று, பாடுகிற பெட்டி ஒன்று. ஓமந்தைச் சோதனைச் சாவடியில் ஆமிப் பகுதியும் அதைத் தாண்டி இயக்கப் பகுதியும் அந்தப் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்களாம். இரண்டு இடத்திலும் இவன் கட்டையை அழுத்திக் காட்டியிருக்கிறான். இரண்டு இடத்திலும் பெட்டி, யேசு பிறந்ததற்குப் பாடுகிற ஒரு நத்தார்ப் பாட்டைப் பாடியிருக்கிறது. இரண்டு பகுதியும் சிரித்துவிட்டு விட்டுவிட்டார்கள். அந்த வருடங்களில் இரண்டு பகுதியும் ஒத்துப்போன விசயங்கள் அதிகம் இல்லை.

"அங்க வாசல் கதவுக்குத்தான் இதைப் பூட்டுறது, அத்தான்" என்றான்.

"எங்கட வாசலுக்குக் கதவே இல்லையே, மச்சான்."

மனைவிதான் கட்டையை வாங்கித் தகப்பனின் இடது உள்ளங்கையில் வைத்தாள். "ஐயா, ஒருக்கா அமத்துங்கோ." அவர் அமத்தினார். குசினியில் நத்தார் பிறந்தது. மாமா திடுக்கிட்டு "என்னடா!" என்றார். சரியான இடத்தில் சரியான சொல் வந்து விழுந்த நாட்களில் அதுவும் ஒன்று.

அதன் பிறகு அவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு தோட்டத்துக்குப் போனாள். முருங்கைக் கொப்பில் அதைக் கொழுவிவிட்டுக் களை பிடுங்கினாள். மிளகாய் நிமிர்ந்தது, அவளும் நிமிர்ந்தாள். பக்கத்துக் காணி அக்கா வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, "என்ன பிள்ளை, முருங்கையில கோயில் கட்டியிருக்கிறியளோ? விடிஞ்சா பொழுதுபட்டா மணி அடிக்குது!" என்பா.

"ஓமக்கா. பூசாரி இவர்தான். காணிக்கையைத் தாங்கோ எண்டு வந்து நிப்பார், கவனம்" என்று என்னைக் காட்டுவாள் மனைவி.

முதலில் மாமா சும்மாவும் அடித்தார். இவள் ஓடிப்போவாள். அவர் சுவரில் இருந்த பல்லியைக் காட்டுவார். இன்னொரு நாள் ஓடிப்போனால் ஒன்றுமே காட்டமாட்டார், அவளையே பார்த்துக்கொண்டிருப்பார். முன்பு யாராவது ஒருவர் குசினியிலாவது இருப்போம். இப்போது வீடு முழுக்க அவர் ஒருவர்தான். அது எங்களுக்கு விளங்கவில்லை. விளங்கியிருந்தாலும் மிளகாய் காத்திருக்காது.

"ஐயா, அலுவல் இருந்தா மட்டும் அடியுங்கோ. நான் விழுந்தடிச்சு ஓடி வாறன்" என்று அவள் ஒருநாள் சொன்னாள். கோபமாகச் சொல்லவில்லை. கெஞ்சித்தான் சொன்னாள். அதன் பின்னர் அவர் சும்மா அடிப்பதை விட்டுவிட்டார். எங்களுக்கும் ஒரு கணக்குப் பழகிவிட்டது: மணி அடிக்காவிட்டால் ஐயா சுகமாக இருக்கிறார்.

சண்டை திரும்பி வந்து பாதை மறுபடி பூட்டப்பட்டபோது மண்ணெண்ணெய், சவர்க்காரம் போன்றவற்றோடு பற்றரியும் காணாமல் போனது. பழைய பொருளாதாரத் தடைக் காலத்தில் படித்த பாடம் ஊருக்கு மறக்கவில்லை. செத்த பற்றரியை வெயிலில் காயவைத்தால் கொஞ்ச நேரத்துக்கு உயிர் வரும். காலையில் எல்லா வீட்டுத் தகரத்திலும் வடகம் காய்வதுபோலப் பற்றரிகள் காய்ந்தன. இந்தக் கலையில் நான் பண்டிதன் என்று சொல்லிக்கொண்டேன். எந்தப் பக்கத்தை வெயிலுக்குக் காட்டுவது, எப்போது திருப்புவது என்று கேட்காதவர்களுக்கும் விளக்கினேன். மாமா கையில் இருந்த கட்டைக்குள்ளே இருந்த சின்னப் பற்றரி எப்படியோ தாக்குப்பிடித்தது. பெட்டிக்குத்தான் பெரிய பற்றரிகள் தேவை. காயவைத்துப் போட்டால் பாட்டு, தொண்டை கட்டின பாகவதர் பாடுவதுபோல் இழுத்து இழுத்து வரும். வந்தால் போதாதா?

ஒவ்வொரு காலையும் சோதித்துத்தான் தோட்டத்துக்குப் போனோம். "அமத்துங்கோ ஐயா." அமத்துவார். பெட்டி முனகும். "சரி, வேலை செய்யுது."

மிளகாய்ப் பழம் பிடுங்கிய அந்த நாளும் அப்படித்தான் சோதித்தோம். வெயில் ஏறியது. முருங்கையில் பெட்டி பேசாமல் தொங்கியது.

"இண்டைக்கு ஐயா நல்ல நித்திரை போல" என்றேன்.

"நித்திரை கொள்ளட்டும். இந்த வரிசையை முடிச்சிட்டுப் போவம்."

முடித்துவிட்டுப் போனோம். மாமா கட்டிலில் இல்லை. கட்டிலுக்கும் சுவருக்கும் இடையில் வலப்பக்கம் கீழாகக் கிடந்தார். காலையில் குடித்த தேத்தண்ணி நாடியில் வடிந்து காய்ந்திருந்தது. அதைத் தேடி எறும்பு வந்திருந்தது. இடது பெருவிரல் கட்டையை அமத்தியபடியே இருந்தது. விரலைப் பிரித்து அதை எடுக்க நான் கஷ்டப்பட்டேன். மனைவி அவர் முகத்தைத் துடைத்தாள், எறும்பைத் தட்டினாள், உடம்பு கழுவினாள். அவர் எங்களைப் பார்த்தார். என்னடா என்றுகூடச் சொல்லவில்லை.

பிறகு நான் முருங்கையடிக்குப் போய்ப் பெட்டியைக் கொண்டுவந்தேன். கட்டையை அமத்தினேன். பாடியது! இரண்டாம் தரம் அமத்தினேன், பாடவில்லை. காய்ந்த பற்றரி அப்படித்தான். ஓய்ந்து கிடந்தால் ஒரு பாட்டுக்குச் சீவன் ஊறும், அந்தப் பாட்டோடு சரி. நாங்கள் ஒவ்வொரு காலையும் சோதித்துப் பார்க்கிறோம் என்று அந்த ஒரு பாட்டைத்தான் செலவழித்துக்கொண்டிருந்தோம்.

அதன் பிறகு மாமா கட்டையைத் தொடவில்லை. கையில் வைத்தால் நழுவவிடுவார். மனைவி பழைய பேணியை எடுத்துக் கொடுத்தாள். அதையும் பிடிக்கவில்லை. கூப்பிடுவதையே விட்டுவிட்டார். அவள் தோட்டத்தை விட்டாள். பழம் செடியிலேயே சுருங்கிக் கறுத்தது. அவள் கட்டிலடியில் இருந்தாள். "தண்ணியோ ஐயா? முதுகு நோகுதோ? திருப்பி விடட்டோ?" என்று ஊகித்து ஊகித்துக் கேட்பாள். அவர் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பார். அவரைச் சிரிக்கவைக்க என்னிடம் இருந்த பகிடிகள் எல்லாவற்றையும் விட்டுப் பார்த்தேன். ஊரில் என் பகிடிக்குச் சிரிக்காதவர்கள் பலர் உண்டு, ஆனால் இப்படி ஒருவரும் சிரிக்காமல் இருந்ததில்லை.

சண்டை நெருங்கி ஊர் பெயர்ந்தபோது அவரை உழவு இயந்திரத்தின் இழுவைப் பெட்டியில் மெத்தையோடு ஏற்றினோம். இடம் மாறி இடம் மாறிப் போனோம். எங்கு போனாலும் மனைவி அவர் நெஞ்சில் ஒரு கையை வைத்திருந்தாள். விசுவமடுப் பக்கம் கூரையாகக் கட்டிய ஒரு தறப்பாளின் கீழே இருந்தபோது, ஒரு காலை அவள் தண்ணீருக்குப் போனாள். நான் பக்கத்தில் இருந்தேன். அவள் வந்து கையை வைத்துப் பார்த்த பிறகுதான் அவர் போய்விட்டார் என்று எனக்கும் தெரிந்தது.

"கூப்பிட்டவரோ?"

"இல்லை."

"கையை அசைச்சவரோ?"

"இல்லையப்பா. நான் பாத்துக்கொண்டுதான் இருந்தனான்."

அதையே அவள் பல நாள் கேட்டாள். நானும் அதே பதிலைச் சொன்னேன்.

கடைசியில் செட்டிகுளத்துப் பக்கம் அகதி முகாமுக்கு வந்து சேர்ந்தோம். கூடாரத்துக்கும் கூடாரத்துக்கும் இடையில் ஒரு துணிதான். அடுத்தவர் இருமல் எங்கள் இருமல். ஒரு மத்தியானம் பின்பக்கக் கூடாரத்தில் ஒரு வயதான குரல் "பிள்ளை... பிள்ளை..." என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தது. மனைவி எழும்பினாள்.

"இரப்பா. அது ஆரோ" என்றேன்.

"தெரியும்."

"அவையின்ர ஆக்கள் இருப்பினம்."

"இருந்தா ஏன் அந்த மனிசன் இவ்வளவு நேரம் கூப்பிடுது?"

போத்தலில் இருந்த தண்ணீரை எடுத்துக்கொண்டு போனாள். சற்று நேரத்தில் குரல் நின்றது. அவள் திரும்பி வருகிற சத்தத்துக்குக் காது கொடுத்துப் பார்த்தேன். ஒன்றும் கேட்கவில்லை. பழைய கணக்குப்படி சத்தம் இல்லாவிட்டால் சுகம். நான் எழும்பிச் செருப்பைத் தேடினேன்.