தெருவைப் பார்த்த வண்ணக் கண்ணாடி

தொண்ணூறுகளின் நடுவில், மைசூர் அக்ரஹாரத்தில் நாங்கள் குடியிருந்த வீட்டின் முன்னறை ஜன்னலில் செய்தித்தாள் ஒட்டியிருந்தது. ஒட்டியவள் நான். ஒட்டச் சொன்னவர் அப்பா. சொன்னார் என்பதுகூடச் சரியில்லை, கையால் காட்டினார். பக்கவாதம் வந்து, மருத்துவமனையிலிருந்து அவர் வீடு திரும்பிய வாரம் அது. வலது பக்கம் செயலிழந்திருந்தது. வாய் ஒரு புறமாகக் கோணியிருந்தது. கோவிலுக்குப் போகிறவர்கள் ஒவ்வொருவரும் ஜன்னல் கம்பியருகே நின்று, எப்படி இருக்கிறீர்கள் சார் என்று கன்னடத்தில் விசாரித்துவிட்டுப் போனார்கள். விசாரித்தவர்களின் கனிவில் ஒரு குறையும் இல்லை. பதில் சொல்ல வாயைத் திறந்தால் வருகிற ஒலியைத்தான் அப்பாவால் தாங்க முடியவில்லை.

அவர் ரயில் நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வண்டிகளின் வரவையும் புறப்பாட்டையும் மூன்று மொழிகளில் ஒலிபெருக்கியில் அறிவித்தவர். காய்கறிக் கடையில் முதுகைத் திருப்பிக்கொண்டு நிற்கும் கடைக்காரர்கூட, அவர் விலை கேட்டதும் யாரென்று தெரிந்துகொண்டு திரும்புவார். அப்படி ஊருக்குப் பழகிய குரல், இப்போது ஈரத்துணிக்குள்ளிருந்து வருவதுபோல் வந்தது. அதை இரண்டொரு முறை தானே கேட்ட பிறகு, அவர் பேசுவதை நிறுத்திக்கொண்டார்.

மருத்துவர் என்னைத் தனியே அழைத்து, இந்தச் சில மாதங்களுக்குள் திரும்புகிற பேச்சுதான், அதற்குப் பிறகு திரும்புவது அரிது என்றார். தப்பும் தவறுமாகவாவது தினமும் பேசவேண்டும். இருட்டறையில் முடங்க விடக்கூடாது. அதை நான் வீட்டில் வந்து சொன்னபோது, அப்பா கேட்டுக்கொண்டே படுத்திருந்தார். தண்ணீர் வேண்டுமென்றால் டம்ளரைக் காட்டினார். தலையணையைச் சரிசெய்ய வேண்டுமென்றால் கழுத்தைத் தொட்டார். அம்மா பொறுத்துப் பார்த்தாள். ஒரு நாள் அவர் காதில் விழும்படியே என்னிடம் சொன்னாள்:

"உங்கப்பாவுக்கு ஜன்னலும் வேணாம், ஜனமும் வேணாம். நாம ரெண்டு பேரும் ஊமை பாஷை படிச்சுக்கலாம், வா."

அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

வெளிச்சம் வேண்டும், ஆனால் வெளியிலிருப்பவர்களுக்கு உள்ளே தெரியக்கூடாது. இந்த இரண்டையும் ஒரே ஜன்னலில் கொண்டுவருவது எப்படி என்று யோசித்தேன். திரை போட்டால் காற்று தூக்கியது. பால் கண்ணாடி போடலாம் என்றதற்கு, முன்னறையைக் குளியலறை ஆக்கப்போகிறாயா என்று அம்மா கேட்டாள்.

நான் அப்போது ஒரு கல்லூரி நூலகத்தில் வேலை பார்த்தேன். பிற்பகலில் மாணவர்கள் குறைந்த பிறகு, கலை வரலாற்று அலமாரியிலிருந்து தடித்த நூல் ஒன்றை எடுத்து வைத்துக்கொண்டேன். இரட்டைக் கோபுரத் தேவாலயத்தின் சன்னல்களையும், அரண்மனைக் கல்யாண மண்டபத்தின் மயில் கூரையையும் பார்க்காத மைசூர்க்காரர் யார்? நானும் பல முறை பார்த்ததுண்டு. அந்த நிறம் எங்கிருந்து வருகிறது என்று மட்டும் கேட்டுக்கொண்டதில்லை. மணலும் சாம்பலும் உருகிக் கொதிக்கும் பானையிலேயே நிறம் சேர்ந்துவிடுகிறது என்று அந்த நூல் சொன்னது. கோபால்ட் சேர்ந்தால் நீலம், தாமிரம் சேர்ந்தால் பச்சை, தங்கத்தைக் கரைத்துச் சேர்த்தால் மாணிக்கச் சிவப்பு. ஐரோப்பாவின் பழைய தேவாலயங்களில் இந்தத் துண்டுகளை வெட்டி, இரு புறமும் பள்ளமுள்ள ஈயப்பட்டைகளுக்குள் பொருத்தி, மூலைகளைப் பற்றவைத்தார்கள். முகத்தின் கோடுகளையும் ஆடையின் மடிப்புகளையும் கறுப்புக் குழம்பால் தீட்டிச் சூளையில் சுட்டார்கள். பின்னாளில் வெள்ளிச் சேர்மம் பூசிச் சுட்டால் கண்ணாடி மஞ்சளாகும் என்று கண்டறிந்த பிறகு, ஒரே துண்டில் வெளிறிய முகமும் பொன்னிற முடியும் வாய்த்தன. நிறம் கண்ணாடியோடு கலந்தும் சுட்டும் நின்றதால், நூற்றாண்டுகளின் மழையைத் தாங்கியது.

எனக்கு ஆறுதல் தந்தது அதற்கடுத்த அத்தியாயம். போலி செய்வதற்கும் ஒரு வரலாறு இருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கிலாந்திலும் பிரான்சிலும் நடுத்தர வீட்டுப் பெண்கள், அச்சிட்ட வண்ணத்தாள்களை ஜன்னலில் ஒட்டி மேலே வார்னிஷ் பூசி, தேவாலய வெளிச்சத்தைக் கூடத்துக்குக் கொண்டுவந்திருக்கிறார்கள். எதிர்வீட்டுச் சுவரை மறைப்பதும் அவர்கள் நோக்கங்களில் ஒன்று என்று படித்தபோது, அவர்களோடு எனக்கு உறவுமுறை உண்டாகிவிட்டது.

எங்கள் ஜன்னலின் ஒவ்வொரு கதவிலும் மூன்று கண்ணாடிச் சதுரங்கள். அதே அளவில் கண்ணாடி வெட்டித் தரும்படி படத்துக்குச் சட்டம் போடும் கடையில் கேட்டேன். நின்ற கண்ணாடியில் வண்ணம் தீட்டினால் வழிந்துவிடும். தரையில் கிடத்தித் தீட்டி, காய்ந்த பிறகு ஜன்னலில் பொருத்தவேண்டும். எழுதுபொருள் கடையில் கண்ணாடிக்கான வண்ணங்கள் சிறு புட்டிகளில் கிடைத்தன. ஈயப்பட்டைக்கு மாற்றாக, வெள்ளைப் பசையில் கறுப்பு மை கலந்து, மருதாணி வைக்கப் பயன்படுவதுபோன்ற பிளாஸ்டிக் கூம்பில் நிரப்பினேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் முன்னறைத் தரையில் உட்கார்ந்து, நூலிலிருந்து படியெடுத்த அல்லிப்பூவைக் கண்ணாடிக்கு அடியில் வைத்துக் கோடு இழுத்தேன். என் கோடு ஓரிடத்தில் புழுவாகவும் ஓரிடத்தில் நூலாகவும் வந்தது. அம்மா அடுக்களை வாசலில் நின்று சற்று நேரம் பார்த்தாள். பிறகு வந்து கூம்பை வாங்கிக்கொண்டாள். அடியில் இருந்த அல்லிப்பூவை உருவி எடுத்துவிட்டு, மையால் புள்ளி வைத்தாள்.

அவள் போட்டது சிக்குக்கோலம். நான் தடுக்க வாய் திறந்து, பாதியில் மூடிக்கொண்டேன். சிக்குக்கோலத்தின் கோடு எங்கெல்லாம் சுற்றினாலும் புறப்பட்ட இடத்துக்கே வந்து சேரும். அதனால் உள்ளே உண்டாகிற ஒவ்வொரு கட்டமும் மூடிய கட்டம். ஊற்றிய வண்ணம் அடுத்ததற்கு வழியாது. ஈயக்கோட்டின் வேலையும் அதுதானே. அம்மா கை எடுக்காமல் இழுத்துக்கொண்டே போனாள். நான் நீலத்தையும் செம்மஞ்சளையும் பச்சையையும் நிரப்பினேன். கட்டிலிலிருந்து அப்பா எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பொருத்துகிற நாளில்தான் எங்களுக்குள் வாக்குவாதம். வண்ணம் பூசிய பக்கம் உள்ளே இருக்கவேண்டும், வெளியே இருந்தால் வெயிலும் மழையும் கெடுத்துவிடும் என்றேன். அம்மாவுக்கு அது பிடிபடவே இல்லை.

"கோலத்தை எவளாவது வீட்டுக்குள்ள பார்த்துப் போடுவாளா? வர்றவங்களுக்குத்தானே கோலம்?"

"இது அப்பாவுக்காகம்மா."

"அவருக்கும் தெரியும் போ. கண்ணாடிதானே."

பழைய கண்ணாடியின் மேல், வெளிப்புறத்தில், வண்ணப் பக்கம் தெருவைப் பார்க்கும்படியாக ஆறு சதுரங்களையும் தச்சர் பொருத்திவிட்டுப் போனார். நான் உள்ளிருந்து செய்தித்தாளைச் சுரண்டி எடுத்தேன். காலை வெயில் கோடுகளுக்கிடையே புகுந்து, கட்டிலின் வெள்ளை விரிப்பில் நீலமும் செம்மஞ்சளுமாக விழுந்தது. அப்பா இடது கையால் தம் வலது கையைத் தூக்கி, நீலத்தில் கொண்டுபோய் வைத்துப் பார்த்தார். இன்னும் சற்றுத் தள்ளிப் பச்சையில் வைத்தார்.

அம்மா வாசலுக்குப் போய்த் தெருவிலிருந்து பார்த்துவிட்டு முகம் வாடித் திரும்பினாள். வெளியே அது கரிபிடித்த கண்ணாடிபோல் இருந்தது. பகலில் தேவாலயங்களின் சன்னல்களும் வெளியிலிருந்து அப்படித்தான் இருக்கும், வெளிச்சம் எந்தப் பக்கம் குறைவோ அந்தப் பக்கத்தில் நிற்பவருக்கே நிறம் தெரியும் என்று விளக்கினேன். இவ்வளவு பாடுபட்டது ஒருத்தர் பார்க்கவா என்றாள்.

நான் சொன்ன விதிக்கு மறுபாதி உண்டு என்பது இருவருக்குமே உறைக்கவில்லை. அன்று மாலை இருட்டத் தொடங்கியதும், வழக்கம்போல் முன்னறை விளக்கைப் போட்டேன். சற்று நேரத்தில் தெருவில் செருப்பொலிகள் ஒவ்வொன்றாக நின்றன. கோவிலுக்குப் போகும் கூட்டம் எங்கள் ஜன்னலுக்கு முன்னால் தேங்கியிருந்தது. ஜன்னல் முழுவதும் வண்ணமாக எரிந்துகொண்டிருந்தது என்று பின்னால் தெரிந்துகொண்டோம். யாரும் உள்ளே பார்க்கக்கூடாது என்று அப்பா மறைத்துக்கொண்ட ஜன்னலைத் தெருவே நின்று பார்க்கும்படி செய்துவிட்டோம். அவர் முகத்தைப் பார்த்தேன். சுவர்ப்பக்கம் திரும்ப முயன்றுகொண்டிருந்தார். விளக்கை அணைத்துவிட எழுந்தேன்.

அதற்குள் வெளியே ஒரு பெண்குரல். தெரிந்த குரல் இல்லை; யார் வீட்டுக் கல்யாணத்துக்கோ வந்த வெளியூர்க்காரியாக இருக்கவேண்டும். இங்கே எந்தச் சாமி, புதிதாக வைத்திருக்கிறார்களா என்று கன்னடத்தில் கேட்டாள். கூட்டத்தில் யாரும் பதில் சொல்லவில்லை. வளையல்கள் சேர்ந்து ஒலித்தன. கும்பிடுகிறாள் என்று தெரிந்தது. அடுக்களையிலிருந்து வந்த அம்மா, வாயில் புடவைத் தலைப்பை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். அந்தப் பெண் விடாமல், இன்னும் உரக்க, எந்தச் சாமி என்று மறுபடி கேட்டாள்.

"தேவரல்லம்மா," என்றார் அப்பா. "நானு."

சாமி இல்லை அம்மா, நான்தான். இரண்டே சொற்கள், அவற்றைச் சொல்லி முடிக்க அவருக்கு வெகு நேரம் பிடித்தது. முதல் சொல்லின் நடுவில் நாக்கு புரண்டு நின்றுவிட்டது. அவர் விடாமல் இழுத்துக்கொண்டு வந்து கரை சேர்த்தார். வெளியே அந்தப் பெண் சிரித்தாள். நல்லதாகப் போயிற்று, சாமியைவிட நீங்களே மேல், கேட்டால் பதில் சொல்கிறீர்கள் என்று சொல்லிவிட்டு, வளையல் ஒலிக்க நடந்துபோனாள். அப்பாவின் தோள் குலுங்கியது. சிரிக்கிறாரா அழுகிறாரா என்று கோணிய வாயிலிருந்து எங்களால் கண்டுகொள்ள முடியவில்லை.

"ஆண்டவனே பதில் சொல்லிட்டாரு. இனி காபி வேணும்னா வாயைத் தொறந்து கேக்கட்டும்," என்று அம்மா உள்ளே போனாள்.

ஏன் எங்களிடம் பேசாதவர் அவளிடம் பேசினார் என்று பல காலம் யோசித்திருக்கிறேன். எங்கள் காதில் அவருடைய பழைய குரல் இருந்தது; எதைச் சொன்னாலும் அதோடு ஒப்பிட்டுக் கேட்போம் என்று அவர் அஞ்சியிருக்கலாம். அந்தப் பெண்ணுக்கு அவர் முகமும் தெரியாது, முந்தைய குரலும் தெரியாது. இது என் ஊகம்தான். அப்பா ஒருபோதும் காரணம் சொன்னதில்லை.

மறுநாள் மாலை நான் விளக்கைப் போடத் தயங்கி நின்றேன். அவர் இடது கையால் ஸ்விட்சைக் காட்டினார். பிறகு, கை போதாது என்பதுபோல், "போடு" என்றார். தெருவில் செய்தி பரவியிருந்தது. போகிறவர்கள் நின்று, சார், பூஜை ஆயிற்றா என்று கேலியாகக் கேட்பார்கள். கண்ணாடிக்கு இந்தப் புறத்திலிருந்து அவர் ஏதாவது சொல்வார். முகம் தெரியாததால் அவர்களும் பரிதாபப்படாமல் கேட்டார்கள். அவரும் கூசாமல் குழறினார். ஒரு சொல் புரியாவிட்டால், இன்னொரு முறை சொல்லுங்கள் என்பார்கள். அவர் சொல்வார். வீட்டில் நாங்கள் பயிற்சி என்று கெஞ்சியபோது வராத சொற்கள், இப்படி மாலை மாலையாகத் திரும்பின. எல்லாம் திரும்பவில்லை. 'ழ' கடைசி வரை வரவே இல்லை. அவருக்குத் தெரிந்த மொழிகளில் தாய்மொழியான தமிழ்தான் கடினமாக இருந்தது.

ஆனி பிறந்ததும் மழை பிடித்துக்கொண்டது. நான் பயந்தபடியே, தெருப்பக்கம் பார்த்திருந்த வண்ணம் ஈரத்தில் ஊறிக் கீழ்ச்சதுரமொன்றில் பாலாடைபோல் உரிந்து தொங்கியது. கறுப்புக் கோடும் அதோடு வந்தது. எந்தப் பக்கம் வைக்கவேண்டும் என்று நான் சொல்லியிருந்ததை அம்மா மறக்கவில்லை. அதனாலேயே அந்த வாரம் ஜன்னலைப் பற்றி அவள் பேச்செடுக்கவில்லை. நானும் எடுக்கவில்லை. ஒரு சனிக்கிழமை மாலை, புதுக் கண்ணாடியும் வண்ணப்புட்டிகளுமாகத் தரையில் உட்கார்ந்து கூம்பை நிரப்பிக்கொண்டிருந்தேன். இந்த முறை வண்ணம் உள்ளே.

அப்பா நாற்காலியில் இருந்தார். அதற்குள் அவரை நாற்காலியில் உட்கார வைக்கும் அளவுக்கு உடம்பு தேறியிருந்தது. உரிந்த சதுரம் அவர் முகத்துக்கு நேராக இருந்தது.

"வேணாம்மா," என்றார். "அது இருக்கட்டும்."

"உள்ள தெரியுமேப்பா."

"தெரியட்டும். எனக்கும் தெரியணும்ல... யாரு பேசறான்னு."

அந்தச் சமயம் பக்கத்து வீட்டுக்காரர் குடை பிடித்துக்கொண்டு வந்தார். முதல் வாரத்தில் தினமும் ஜன்னலருகே நின்று விசாரித்து, செய்தித்தாள் ஒட்டியதைக் கண்டு மனம் நொந்து, பிறகு விசாரிப்பதையே விட்டுவிட்டவர். உரிந்த இடத்தைக் கவனித்துக் குனிந்தார். அவருக்கு அப்பாவின் முகமும், அப்பாவுக்கு அவர் முகமும் ஒரு முழ தூரத்தில் தெரிந்திருக்கும். அவர் சற்றுத் திடுக்கிட்டதை நான் பார்த்தேன். அப்பாவும் பார்த்தார், முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை.

எப்படி இருக்கிறீர்கள் சார் என்று அவர் கேட்டார். அப்பா பதிலைத் தொடங்கினார். அது நீளமான பதில். தூறல் வலுத்துக்கொண்டிருந்தது, பக்கத்து வீட்டுக்காரர் குடையைத் தோளில் சாய்த்துக்கொண்டு, குனிந்தபடியே நின்று, முழுவதையும் கேட்டார்.