கனிவான கவனத்திற்கு

இன்று காலை மந்தைவெளியில், குப்பையைத் தரம் பிரித்துத் தரச் சொல்லி ஒலிபெருக்கி கட்டிய ஆட்டோ ஒன்று போனது. "பொதுமக்களின் கனிவான கவனத்திற்கு" என்ற குரலைக் கேட்டதும், கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்த நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

கோட்டூர்புரத்தில் ஆற்றோரக் குடிசையில் நாங்கள் இருந்தபோதும் இதே வாசகத்தோடுதான் ஆட்டோ வரும். சொட்டு மருந்து, தண்ணீர் லாரி, வெள்ள எச்சரிக்கை எதுவானாலும், எங்களில் யாரும் பேசாத அந்தத் தமிழில் கரகரவென்று வரும். நான் அதன் பின்னாலேயே ஓடிவிட்டு, வீட்டுக்கு வந்து மண்ணெண்ணெய்ப் புனலை வாயில் வைத்துக்கொண்டு, ரேடியோவில் செய்தி வாசிப்பவரைப் போல ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி நிறுத்திச் சொல்லிப் பார்ப்பேன்.

ஒருநாள் தொண்டை கட்டிப்போன அறிவிப்பாளர், "நீ படிக்கிறியா பாப்பா?" என்று மைக்கையும் தாளையும் நீட்டினார். ஆற்றோரம் குடியிருப்போர் ஒரு வாரத்துக்குள் தாமாகவே காலி செய்ய வேண்டும் என்றிருந்தது. அதில் எங்கள் வீடும் அடக்கம் என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் என் குரல் தெருக்கோடிவரை போய்த் திரும்பி வந்த சுகத்தில், ஒரு ழகரம் பிசகாமல் படித்தேன்.

குழாயடியில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுக் கன்னியம்மா அக்கா, "இன்னா அழகா படிக்குது பாரு நம்ம பொண்ணு!" என்று பூரித்துப்போனாள். பிறகு ஈரக் கையோடு ஆட்டோவருகே வந்து, "அதுல இன்னாமா போட்டுகீது? எனக்கு ஒண்ணும் புரியல" என்றாள்.

அவளுக்குப் புரிகிற மாதிரி சொல்ல ஒரு வரி போதும். நான் மைக்கை வாயருகே கொண்டுபோய், முதல் தடவையைவிடத் திருத்தமாக, முழுவதையும் மறுபடி படித்தேன்.